எந்தப் படகில் ஏறுவது: நயினாதீவா, நெடுந்தீவா, அனலைதீவா?

யாழ்ப்பாணத்துக்கு விடுமுறையில் வருகிறவர்கள் ஒரு நாளைக் கடலுக்கென்று ஒதுக்கிவைத்துக்கொண்டு, எந்தத் தீவு நல்லது என்று கேட்கிறார்கள். நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது, அன்று மாலை நீங்கள் எங்கே இருக்க வேண்டும் என்பதுதான். இரவு நகரில் ஒரு கல்யாண வீடு, அல்லது ஏழு மணிக்குக் கொழும்பு பஸ் என்றால் பதில் வேறு. மறுநாள் காலை வரை எந்த வேலையும் இல்லை என்றால் பதில் வேறு. அங்கே என்னென்ன பார்க்கலாம் என்ற பட்டியலை வைத்துத் தீவுகளை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் தங்களுக்கு ஒத்துவராத படகில் ஏறிவிடுகிறார்கள். திரும்பும் படகு எத்தனை மணிக்கு, அதை விட்டால் அடுத்தது உண்டா என்று முதலில் கேட்டால் பாதி முடிவு தானாகவே வந்துவிடும்.

முதலில் எவை போட்டியில் இருக்கின்றன என்று பார்த்துவிடுவோம். மண்டைதீவு, வேலணை, புங்குடுதீவு, காரைநகர் ஆகியவை பெயரளவில்தான் தீவுகள். பாலங்களும் தாம்போதிகளும் அவற்றை எப்போதோ தரையோடு சேர்த்துவிட்டன. மக்கள் வாழ்கிற, படகில்லாமல் போக முடியாத தீவுகள் நான்கு: நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு. கச்சதீவைப் பற்றியும் சிலர் ஆவலாகக் கேட்பதுண்டு. அங்கே குடியிருப்பு இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் வரும் அந்தோனியார் கோயில் திருவிழாவுக்குத்தான் மக்கள் போய்வருகிறார்கள். வார இறுதிக்குப் போய்வரும் இடமல்ல அது. இந்தக் கணக்கில் அதைச் சேர்க்க வேண்டாம்.

நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகேறும் இடம் புங்குடுதீவின் மேற்கு ஓரத்தில் உள்ள குறிகட்டுவான். நாகபட்டினத்திலிருந்து கப்பலில் வருகிறவர்கள் இதைக் காங்கேசன்துறையோடு குழப்பிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். கே.கே.எஸ். என்பது வடக்குக் கரை, கே.கே.டி. என்பது தென்மேற்கு மூலை. இடையில் யாழ்ப்பாண நகரமே கிடக்கிறது. நகரத்துப் பஸ் நிலையத்திலிருந்து 776ஆம் இலக்க பஸ் குறிகட்டுவானுக்குப் போகிறது. முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தூரம்தான் என்றாலும் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பண்ணைப் பாலத்தைக் கடந்து, மண்டைதீவுச் சந்தி, வேலணை என்று போய், வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையே வாணர் பாலம் என்று ஊரார் சொல்லும் நீண்ட தாம்போதியில் ஏறியதும் இருபுறமும் கடல்தான். மழைக்காலம் முடிந்த மாதங்களில் ஆழமில்லாத அந்த நீரில் பூநாரைகள் நிற்கும். படகுக்கு முன்னாலேயே பயணம் தொடங்கிவிடுகிறது என்பதால் ஓட்டோ, வான் எதில் போனாலும் சன்னலோர இடத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

இனிக் காற்று. தீவுகளை ஒப்பிடும் கட்டுரைகளில் காற்றைப் பற்றி ஒருவரும் எழுதுவதில்லை. தீவுக்காரரிடம் கேட்டால் முதலில் அதைத்தான் சொல்வார். வைகாசி பிறந்து ஆவணி வரையில் சோளகம் வீசும். தென்மேற்கிலிருந்து அடிக்கும் அந்தக் காற்றில் நெடுந்தீவுக் கடல் குமுறும், ஏனென்றால் அந்தத் தீவு மற்றவற்றைவிட்டு விலகித் தென்மேற்கே திறந்த கடலில் கிடக்கிறது. நயினாதீவோ புங்குடுதீவுக்கு அருகே ஒண்டிக்கொண்டிருப்பது. அதே நாளில் அங்கே படகு ஆடும், ஆனால் ஓடும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றோடு மழையும், வங்காள விரிகுடாவில் தாழமுக்கமும் வரும். அப்போது எல்லாப் படகுகளையும் நிறுத்திவைப்பதுண்டு. தை முதல் பங்குனி வரை, இன்னும் தாராளமாகச் சொன்னால் சித்திரையின் முற்பகுதி வரை, கடல் அடங்கியிருக்கும். உங்களுக்கு லீவு ஆடியில்தான் கிடைக்கும், குடும்பத்தில் ஒருவருக்கு மலைப்பாதை பஸ்ஸில்கூட வாந்தி வரும் என்றால், நெடுந்தீவை அடுத்த முறைக்கு வைத்துவிடுங்கள். இதில் வீரம் காட்ட ஒன்றுமில்லை.

நயினாதீவைப் பற்றிச் சொல்கிறேன். குறிகட்டுவானில் நின்றாலே கண்ணுக்குத் தெரிகிற தீவு. படகில் பதினைந்து, இருபது நிமிடம். மரப் படகுகள் வரிசையில் நின்று ஆள் சேரச் சேரப் புறப்படும், காலையிலிருந்து மாலை வரை போக்குவரத்து ஓயாது. ஒன்றை விட்டால் அடுத்தது இருக்கிறது. இதுதான் நயினாதீவின் பெரிய பலம். யாழ்ப்பாணத்தில் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு போய்ப் பின்னேரம் திரும்பிவிடலாம். வயதானவர்கள், கைக்குழந்தை, மாலையில் தவிர்க்க முடியாத ஒரு வேலை, இவற்றில் எது இருந்தாலும் வேறு தீவைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஒரேயொரு தொல்லை: படகில் ஏறும்போதும் இறங்கும்போதும் கால் எட்டிவைக்க வேண்டும், சில படகுகளில் குனிந்து கீழே இறங்கி உட்கார வேண்டும். முழங்கால் வலிக்காரர்களை இரண்டு பேர் பிடித்து ஏற்றுங்கள், படகுக்காரர்களும் கைகொடுப்பார்கள்.

தீவின் பரப்பு ஏறக்குறைய நான்கு சதுர கிலோமீட்டர். அதற்குள் நாகபூசணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன, பள்ளிவாசலும் உண்டு. அம்மன் கோயில் சக்தி பீடங்களில் ஒன்றாகப் போற்றப்படுவது. கடலைத் தாண்டி அம்மனுக்குப் பூக்கொண்டு வந்த நாகத்தையும் அதை மறித்த கருடனையும் பற்றிய கதையை எந்தப் படகோட்டியும் சொல்வார். விகாரைக்காரர்களின் கதையிலும் நாகர்கள்தான். ஒரு மணி ஆசனத்துக்காகச் சண்டையிட்ட மகோதரன், சூளோதரன் என்ற இரண்டு நாக அரசர்களைச் சமாதானப்படுத்தப் புத்தர் வந்தார் என்று மகாவம்சம் சொல்கிறது. அந்த நாகதீபம் இதுதான் என்பது அவர்கள் நம்பிக்கை. மணிமேகலை அமுதசுரபியைப் பெற்ற மணிபல்லவம் இதுவே என்று சொல்கிற தமிழறிஞர்களும் உண்டு. அது ஆராய்ச்சியாளர்கள் தீர்க்க வேண்டிய வழக்கு. நமக்கு நடைமுறையில் பயன்படுவது, கோயிலின் அன்னதான மண்டபத்துக்கு அமுதசுரபி என்று பெயர் வைத்து நண்பகலில் வருகிறவர்களுக்கெல்லாம் சோறு போடுகிறார்கள் என்பதுதான். அந்தப் பந்தியில் உட்காராமல் நயினாதீவிலிருந்து திரும்புவது முறையல்ல. சமையலும் நன்றாக இருக்கும்.

பலர் கேள்விப்படாத ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன், படகுப் பயணத்தைப் பற்றிய கட்டுரைக்கு இதைவிடப் பொருத்தமான செய்தி கிடைக்காது. 1153 முதல் 1186 வரை பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று நயினாதீவில் இருக்கிறது. அந்நிய நாட்டு வணிகர்கள் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து இறங்க வேண்டும் என்றும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்றும் அது சொல்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்கு ஏற்றிவந்தது உடைந்தால் சரிபாதி. இந்தக் கடலில் மரக்கலங்கள் உடைவது சட்டம் போட்டு முறைப்படுத்த வேண்டிய அளவுக்கு வழக்கமாக இருந்திருக்கிறது! படகில் தருகிற உயிர்காப்பு அங்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்காரும் இளைஞர்கள் இதைக் கொஞ்சம் நினைக்கலாம்.

நயினாதீவின் குறையையும் சொல்ல வேண்டும். அது யாத்திரைத் தலம். அமைதியான கடற்கரையில் காலை நீட்டிப் படுக்கலாம் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். போயா தினங்களிலும் பாடசாலை விடுமுறையிலும் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வெள்ளையுடுத்திய பக்தர்கள் வருவார்கள். ஆனி மாதத்தில் அம்மனின் பெருந்திருவிழா நடக்கும்போது படகுத் துறையில் கால்வைக்க இடமிருக்காது. திருவிழாக் கூட்டத்தையே பார்க்க வேண்டும் என்று போகிறவர்களுக்கு அதுதான் சரியான காலம், மற்றவர்கள் ஒரு சாதாரணச் செவ்வாயோ புதனோ பார்த்துப் போங்கள். கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும், விகாரையில் தொப்பியும் செருப்பும் ஆகாது. நண்பகல் வெயிலில் வெறுங்காலோடு மணலில் நடப்பது எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. காலையிலேயே போங்கள்.

நெடுந்தீவு முற்றிலும் வேறு கணக்கு. பரப்பளவில் அது ஏறக்குறைய ஐம்பது சதுர கிலோமீட்டர், நயினாதீவைப்போல் பத்து மடங்குக்கும் மேல். குறிகட்டுவானிலிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம், கடலின் மனநிலையைப் பொறுத்துக் கூடவும் செய்யும். நாளொன்றுக்கு ஓடுவது சில படகுகளே: காலையில் போகும், பிற்பகலில் திரும்பும். நேரங்கள் காலத்துக்குக் காலம் மாறுவதால் முதல் நாளே குறிகட்டுவானிலோ தங்குமிடத்திலோ கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். இந்தத் தடத்தில் ஓடும் அரச படகுகளுக்குக் குமுதினி, வடதாரகை, நெடுந்தாரகை என்று பெயர்கள் உண்டு. குமுதினி என்ற பெயரைத் தீவுக்காரர்கள் சாதாரணமாக உச்சரிப்பதில்லை. 1985 மே 15ஆம் திகதி நடுக்கடலில் அந்தப் படகில் இருந்த பயணிகள் கொல்லப்பட்டார்கள், பெண்களும் குழந்தைகளும் உட்பட. ஆண்டுதோறும் அந்த நாளில் நெடுந்தீவில் நினைவுகூர்கிறார்கள். மே நடுப்பகுதியில் போகிறவர்கள், உல்லாசப் பயணம் போகும் உற்சாகத்தைச் சற்று அடக்கிக்கொள்வது நல்லது.

ஒரே நாளில் நெடுந்தீவுக்குப் போய்வரலாமா என்பதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. போய்வரலாம், பெரும்பாலானவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். அந்த நாளின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். விடிவதற்கு முன் எழுந்து, ஒன்றரை மணி நேரம் பஸ், துறையில் காத்திருப்பு, ஒரு மணி நேரம் படகு. மாவிலித்துறையில் இறங்கும்போது வெயில் ஏறியிருக்கும். உடனே ஓட்டோக்காரர் ஒருவரோடு பேரம். அவர் தம்முடைய வழக்கமான சுற்றில் கொண்டுபோய்க் குதிரை, கோட்டை, பெருக்க மரம், புறாக்கூடு, வளரும் கல், பாதச்சுவடு என்று ஒவ்வோரிடத்திலும் ஐந்து நிமிடம் நிறுத்துவார். நீங்கள் படம் எடுப்பீர்கள். படகு போய்விடுமோ என்ற பதற்றத்தில் பின்னேரம் துறைக்கு ஓடிவருவீர்கள். தீவில் இருக்கிற நாலைந்து மணி நேரமும் உச்சி வெயில் நேரம். நெடுந்தீவு அழகாக இருப்பது காலை ஏழு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும். பகல் பயணிகள் அந்த இரண்டையும் பார்ப்பதேயில்லை. ஆகவே என் கட்சி இதுதான்: ஓர் இரவு தங்க முடிந்தால் நெடுந்தீவு, முடியாவிட்டால் நயினாதீவு. இடைப்பட்ட ஏற்பாடு எனக்குப் பிடிக்காது. சிறிய தங்குமிடங்கள் சில அங்கே இருக்கின்றன. வசதி எளிமையானது, முன்கூட்டியே சொல்லிவைத்தால்தான் மீனும் சோறும் ஆயத்தமாக இருக்கும். கடை கண்ணி குறைவு என்பதால் மருந்து, பணம், பிள்ளைகளின் பால்மா எல்லாவற்றையும் யாழ்ப்பாணத்திலேயே வாங்கிக்கொண்டு போங்கள்.

தங்கினால் என்ன கிடைக்கும்? முதலாவது, அந்த வேலிகள். முருகைக்கற்களைச் சாந்து இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வீட்டு வளவுகளையும் பனந்தோப்புகளையும் தோட்டங்களையும் பிரித்திருக்கிறார்கள். ஒழுங்கை ஒழுங்கையாக, சாம்பல் நிறத்தில், மைல் கணக்கில் போகும். யாழ்ப்பாணத்தில் கிடுகு வேலியையும் கதிகாலையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது வேறொரு நாடு. சைக்கிள் ஒன்றை வாடகைக்கு எடுத்து மாலையில் அந்த ஒழுங்கைகளில் சுற்றுவதற்காகவே நான் நெடுந்தீவுக்கு ஓட்டுப் போடுவேன். ஓட்டோவில் போகிறவர்களுக்கு இவை சன்னலில் ஓடி மறையும் கற்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது, குதிரைகள். போர்த்துக்கேயர் கொண்டுவந்து, ஒல்லாந்தர் பெருக்கி, வெள்ளைக்காரர் காலத்துக்குப் பிறகு ஆளின்றிப் போய்த் தாமாகவே வாழப் பழகிய மட்டக் குதிரைகள் இவை. தீவின் தெற்குப் பக்கத்து வெட்டவெளியில் கூட்டமாக மேயும். மழைக்குப் பிறகு, மார்கழியிலிருந்து மாசி வரையில், புல் பச்சையாக இருக்கும்போது குதிரைகளும் கொழுத்து நிற்கும். ஆனி, ஆடி, ஆவணியில் புல்லும் தண்ணீரும் வற்றி விலாவெலும்பு தெரிய நிற்பதைப் பார்த்தால் படம் எடுக்க மனம் வராது. வறட்சி கடுமையான ஆண்டுகளில் செத்தும் விழுகின்றன. நெடுந்தீவில் நல்ல தண்ணீர் எப்போதுமே அருமையானது. சாறாப்பிட்டிப் பக்கத்துக் கிணறுகளின் நன்னீரை நம்பித்தான் ஊர் நீண்டகாலம் வாழ்ந்திருக்கிறது. வறண்ட மாதங்களில் போய்த் தங்குமிடத்தில் வாளி வாளியாக ஊற்றிக் குளிக்காதீர்கள். இங்கேயும் காற்றின் கணக்கும் புல்லின் கணக்கும் ஒன்றாகவே வருகின்றன: தையும் மாசியும் நெடுந்தீவுக்கு, ஆடி நயினாதீவுக்கு.

மற்றவை இடத்துக்கு இடம் மதிப்பு மாறும். முருகைக்கல்லால் கட்டிய பழைய கோட்டை ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இடிந்து நிற்கிறது; மேல்மாடிக்குப் போன படிக்கட்டும் சுவர்களும் மிச்சம். கடலோரமாக இருப்பதால் மாலை வெளிச்சத்தில் போய்ப் பார்க்கத் தகுந்தது. ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு, தகவல் கொண்டுபோகும் புறாக்களுக்காகக் கட்டியது, பொந்து பொந்தாகச் சிறு கோபுரம் போல இருக்கும். ஆபிரிக்காவிலிருந்து அரபு வணிகர்கள் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பெருக்க மரத்தின் அடிமரப் பொந்துக்குள் பிள்ளைகள் நுழைந்து நிற்பார்கள், அவர்களுக்கு அது பெரிய விளையாட்டு. தீவின் மேற்கே வெடியரசன் கோட்டை என்று ஊரார் சொல்கிற இடத்தில் பழைய பௌத்தத் தூபிகளின் எச்சங்கள் உண்டு. யாருடைய வரலாறு என்று இன்றும் சூடாக வாதாடப்படும் இடம். வரலாற்றில் பிடிப்புள்ளவர்கள் அதற்கென்று ஒரு காலைப் பொழுதைக் கொடுக்கலாம். வளரும் கல்லையும் பாறையில் பதிந்த ராட்சதப் பாதச்சுவட்டையும் பார்க்காவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது என்பது என் எண்ணம், ஓட்டோக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று திட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நெடுந்தீவிலிருந்து பின்னேரம் திரும்பிக் குறிகட்டுவானில் இறங்கியதும் நயினாதீவுப் படகில் ஏறலாம், மாலைப் பூசையைக்கூடப் பார்க்கலாம். ஆனால் அப்போது அன்னதானமும் இல்லை, அலைந்த உடம்பில் தெம்பும் இல்லை, கடைசிப் படகைப் பற்றிய கவலை மட்டும் இருக்கும். அதற்குப் பதிலாக, நெடுந்தீவில் ஓர் இரவு தங்கிவிட்டு மறுநாள் காலைப் படகில் திரும்பி, நயினாதீவில் பகல் சாப்பாடு, மாலையில் யாழ்ப்பாணம் என்று வைத்துக்கொண்டால் ஒன்றரை நாளில் இரண்டும் நிம்மதியாக முடியும். காலையில் நெடுந்தீவிலிருந்து புறப்படும் படகு வேலைக்கும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிற ஊர்க்காரர்களின் படகு. இடத்தை அவர்களுக்கு விட்டுக்கொடுத்து, பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

அனலைதீவும் எழுவைதீவும் வேறொரு வகை மனிதர்களுக்கு. பார்க்கிற இடம் என்று ஒரு பட்டியல் வேண்டும் என்பவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிப் போகலாம். இவற்றுக்கான படகு ஊர்காவற்றுறையிலிருந்து, கண்ணகை அம்மன் துறைப் பக்கமாகப் போகிறது. எழுதாரகை என்ற படகு இந்தத் தடத்துக்கென்றே வந்தது. அனலைதீவுக்குக் குறிகட்டுவானிலிருந்தும் படகு உண்டு. எல்லாமே ஊர்க்காரர்களின் தேவைக்கு ஓடுகிறவை, சுற்றுலாப் பயணியின் வசதிக்கு அல்ல. காலையில் யாழ்ப்பாணம் போகிறவர்களுக்காகத் தீவிலிருந்து புறப்படுவது, பின்னேரம் அவர்களைத் திருப்பிக் கொண்டுபோவது என்பதுதான் அந்தப் படகுகளின் தர்மம். எதிர்த்திசையில் போய்வர நினைக்கும் நமக்கு அது ஒத்துவருகிறதா என்று அன்றன்று விசாரித்துத்தான் ஏற வேண்டும். தங்குவதற்கு ஊரில் தெரிந்தவர்கள் வேண்டும். சாப்பாட்டுக் கடையை நம்பிப் போகக் கூடாது.

அப்படியென்றால் எதற்குப் போவது? அனலைதீவில் ஐயனார் கோயில் இருக்கிறது, புகையிலைத் தோட்டங்கள் இருக்கின்றன, பூட்டிய வீடுகள் நிறைய இருக்கின்றன. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் பாரிசிலும் இருக்க, திருவிழாவுக்கு மட்டும் திறக்கிற வீடுகள். எழுவைதீவு இன்னும் சின்னது, ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். காற்றாலை, சூரியத் தகடு, மின்கலம், டீசல் இயந்திரம் நான்கையும் சேர்த்து மின்சாரம் தரும் ஏற்பாடு அங்கே முன்பே வந்துவிட்டது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் அதே மாதிரித் திட்டத்தை 2021 ஜனவரியில் ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுத்ததும் இந்தியா ஆட்சேபித்தது, அந்த ஆண்டு முடிவதற்குள் சீனர்கள் விலகினார்கள், 2022 மார்ச்சில் இந்திய உதவியோடு செய்வதென்று ஒப்பந்தமானது. இவ்வளவு சின்ன தீவுகளின் விளக்குக்கு இவ்வளவு பெரிய நாடுகள் மோதிக்கொண்டதை நினைத்தபடி வரம்பில் நடப்பதற்கு விருப்பமுள்ளவர்களுக்கு அனலைதீவு பிடிக்கும். அம்மா, அப்பாவின் ஊர் அது என்றால் ஒப்பீடே தேவையில்லை, போய்விட்டு வாருங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை இவற்றுக்குள் பெரிய வேறுபாடு இல்லை. படகுக் கட்டணம் எந்தத் தீவுக்கும் பெரிய சுமையல்ல. செலவு கூடுவது நகரத்திலிருந்து குறிகட்டுவானுக்கு வாடகை வானும், நெடுந்தீவுக்குள் ஓட்டோவும் பிடிக்கும்போதுதான். நாலைந்து பேராகப் போனால் அதுவும் பங்காகிவிடும். தனியாகப் போகிறவருக்குப் பஸ்ஸும் சைக்கிளும் போதும்.

கடைசியாக, படகே ஓடாத நாள். குறிகட்டுவானுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, நெடுந்தீவுப் படகு இன்று இல்லை, கடல் சரியில்லை என்று சொல்லக்கூடும். துறையில் நின்று வாதாடிப் பயனில்லை. நயினாதீவுப் படகு ஓடுகிறதா என்று பாருங்கள், பல நாட்களில் ஓடும். அதுவும் இல்லையென்றால் வாகனத்தைத் திருப்பி ஊர்காவற்றுறைக்கு விடுங்கள். அங்கிருந்து காரைநகருக்குப் பாதை ஓடுகிறது. சைக்கிள், மோட்டார் சைக்கிள், ஆட்கள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு சிறு நீரிணையைச் சில நிமிடத்தில் கடக்கும் மிதவை அது. பழுதென்று நிற்கும் நாட்களும் உண்டு என்பதால் வேலணையிலேயே விசாரித்துக்கொண்டு போவது நல்லது. கடக்கும்போது கடலுக்கு நடுவே ஹம்மன்ஹீல் கோட்டை தெரியும். போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் பிடித்து, பிற்காலத்தில் சிறையாகவும் இருந்து, இப்போது கடற்படை தங்குமிடமாக நடத்துகிற இடம். அங்கே தங்க விரும்புகிறவர்கள் முன்பதிவு செய்ய வேண்டும். ஒரு சிறைக்கூடத்தில் காசு கொடுத்துப் படுப்பதில் எனக்கு ஆர்வமில்லை. காரைநகரில் இறங்கியதும் கசூரினா கடற்கரை. ஆழமில்லாத கடல், பிள்ளைகள் பயமின்றிக் குளிக்கலாம், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கூட்டம் தாங்க முடியாது. ஞாயிறாக இருந்து, கையில் வாகனமும் இருந்தால், ஊர்காவற்றுறைக்குப் போகாமல் வேலணைச் சாட்டிக் கடற்கரையிலேயே நிறுத்திவிடுங்கள். கொண்டுவந்த சாப்பாட்டைச் சாட்டியிலேயே சாப்பிட்டுவிட்டு இருட்டுமுன் பண்ணைப் பாலத்தைக் கடந்துவிடலாம்.